கண்ணாடியைத் தொடாத கண்ணாடிச் சிற்பி: டேல் சிஹூலியின் படைப்புகள் யாருடையவை?

2021-இல் சிங்கப்பூரின் கார்டன்ஸ் பை த பே பூங்காவில் அமெரிக்கச் சிற்பி டேல் சிஹூலியின் கண்ணாடிப் படைப்புகள் காட்சிக்கு வந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே ஒரு தகவலில் வந்து முட்டிக்கொள்வார்கள். உலகின் மிகப் பிரபலமான கண்ணாடிச் சிற்பி என்று சொல்லப்படும் இவர், உருகிய கண்ணாடியை முனையில் எடுத்து ஊதும் ஊதுகுழலை 1979-இலேயே கீழே வைத்துவிட்டார். அதற்குப் பின் அவர் பெயரில் வந்த கண்ணாடி எல்லாம் மற்றவர்கள் ஊதியது.

அப்படியானால் அவை யாருடைய படைப்புகள்? சிஹூலி சிற்பியா, முதலாளியா? அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர் வெளியே போய் அதே மாதிரி வடிவங்களைச் செய்தால் அது திருட்டா? இவை நீதிமன்றம் வரைக்கும் போன கேள்விகள். கண்ணாடி என்ற பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இவற்றுக்குப் பதில் தேடினால் தடம் மாறிப் போவோம். அதனால் உலையிலிருந்தே தொடங்குவோம்.

## கண்ணாடி காத்திருக்காது

மணலில் இருக்கும் சிலிக்காதான் கண்ணாடியின் மூலப்பொருள். அதைத் தனியாக உருக்க ஏறக்குறைய 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடா (சோடியம் கார்பனேட்) சேர்த்தால் இந்த வெப்பநிலை நன்றாக இறங்கும். ஆனால் சோடா மட்டும் சேர்த்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். அதைக் கெட்டிப்படுத்தச் சுண்ணாம்புச் சேர்மம் கலக்கிறார்கள். ஜன்னல், பாட்டில் எல்லாம் இந்தக் கலவைதான். சிற்பப் பட்டறைகளில் உருகுவதும் பெரும்பாலும் இதன் உறவுக்கார வகைதான்.

பனிக்கட்டி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று உருகிவிடும். கண்ணாடி அப்படி இல்லை. சுமார் 1,100 டிகிரியில் உலைக்குள் தளதளவென்று இருக்கும். வெளியே எடுத்ததும் வெல்லப்பாகு ஆறுவதுபோல நொடிக்கு நொடி இறுகிக்கொண்டே வரும். அந்த இடைவெளியில்தான் வேலை நடக்கிறது. இறுகிவிட்டால் மறுசூட்டு உலையின் வாயில் காட்டி மறுபடி இளக்க வேண்டும். ஒரே பொருளைச் செய்து முடிப்பதற்குள் பல தடவை இப்படிப் போய் வர வேண்டியிருக்கும்.

வடிவம் வந்துவிட்டது என்று அப்படியே வெளியில் வைத்துவிடவும் முடியாது. வெளிப்புறம் முதலில் குளிர்ந்து சுருங்க, உள்ளே இன்னும் சூடாக இருந்தால், அந்த இழுபறியில் கண்ணாடி விரிசல் விடும், சில சமயம் வெடித்தே சிதறும். அதனால் 500 டிகிரியை ஒட்டி வைக்கப்பட்ட ஒரு சூளைக்குள் அதை உடனே கொண்டுபோய், மெல்ல மெல்ல ஆற விடுகிறார்கள். மெல்லிய பொருளுக்கு ஓர் இரவு போதும். கனமான வார்ப்புகளுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

இந்த இயல்புகளிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. சிஹூலியைப் பற்றிய விவாதம் முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கிறது.

1. பாதியில் நிறுத்த முடியாது. கல் சிற்பி உளியை வைத்துவிட்டு நாளை வரலாம். ஊதும் கண்ணாடியில் தொடங்கினால் முடித்தாக வேண்டும். ஊதுகுழலைச் சுழற்றுவதைக் கொஞ்ச நேரம் விட்டாலும் ஈர்ப்பு விசை கண்ணாடியைக் கீழே இழுத்துத் தொங்க விட்டுவிடும்.

2. கைபடாது. விரலால் அழுத்தி வனைவது என்பதே இங்கே கிடையாது. தண்ணீரில் ஊறிய மரக் குடுவை, இடுக்கி, மடித்து நனைத்த செய்தித்தாள் கற்றை, பிறகு மூச்சு. ஆக, எந்தக் கண்ணாடிச் சிற்பியும் தன் பொருளை நேரடியாகத் தொட்டு உருவாக்குவதில்லை.

3. பெரிதாகப் பெரிதாக ஆட்கள் கூடுவார்கள். சின்னக் கிண்ணத்தைத் தனியாளாகச் செய்யலாம். ஊதுகுழலின் முனையில் பல கிலோ கண்ணாடி தொங்கும்போது அது முடியாது.

## உலைக்கூடத்தில் யார் யார்?

பெரிய பொருள் ஒன்று உருவாகும் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கேஃபர் என்று அழைக்கப்படும் தலைமைக் கைவினைஞர். பெஞ்சின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஊதுகுழலை வைத்து ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு கையால் வடிவம் கொடுப்பார். அவர் தலையசைத்தால் இன்னொருவர் குழலின் மறுமுனையில் குனிந்து ஊதுவார். கேஃபரின் கை வெந்துபோகாமல் ஒருவர் மரப்பலகையால் மறைத்துப் பிடிப்பார். மறுசூட்டு உலையின் கதவைத் திறந்து மூட ஓர் ஆள், நிறக் கண்ணாடியைத் தனியே சூடாக்கிக்கொண்டு வர ஓர் ஆள். கடைசியில் குழலிலிருந்து பொருளைத் தட்டிப் பிரிக்கும்போது, வெப்பம் தாங்கும் உடையும் கையுறையும் போட்ட ஒருவர் அதை இரு கையாலும் வாங்கிச் சூளைக்கு ஓடுவார். பேச்சு அதிகம் இருக்காது. ஒருவர் சற்றுத் தாமதித்தாலும் அத்தனை பேரின் உழைப்பும் தரையில் சில்லாகிவிடும்.

இது இத்தாலியின் முரானோ தீவில் நூற்றாண்டுகளாக இருந்துவரும் முறை. 1291-இல் வெனிஸ் குடியரசு கண்ணாடி உலைகளை நகரத்திலிருந்து அந்தத் தீவுக்கு மாற்ற உத்தரவிட்டது. அன்றிலிருந்து குடும்பங்கள் வழியாக, குருவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் தொழிலாகவே அது வளர்ந்தது. யோசித்து வரைபவர் ஒருவர், ஊதுபவர் இன்னொருவர் என்ற பிரிவினையும் இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளில் சகஜம். அங்கே யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

## தனி ஆளின் உலை

கேள்வி எழுந்தது அமெரிக்காவில். காரணம், அங்கே ஒரு காலத்தில் இந்தக் கூட்டு முறையை வேண்டுமென்றே உடைத்தார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்துக்கொண்டிருந்த ஹார்வி லிட்டில்டனுக்கு ஒரு கேள்வி இருந்தது: குயவர் தன் சக்கரத்தில் தனியாக உட்கார்ந்து செய்வதுபோல, ஒரு கலைஞர் தொழிற்சாலை இல்லாமல் தன் சொந்தப் பட்டறையில் கண்ணாடி ஊத முடியாதா? 1962-இல் ஓஹியோ மாநிலத்தின் டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் இரண்டு பயிலரங்குகள் நடத்தினார். முதல் பயிலரங்கில் கண்ணாடி சரியாக உருகவில்லை. கண்ணாடித் தொழிலில் ஆராய்ச்சியாளராக இருந்த டொமினிக் லபினோ உலையை மாற்றிக் கட்டிக்கொடுத்து, கண்ணாடி இழை செய்யப் பயன்படும் கண்ணாடிக் கோலிகளை உருக்கச் சொன்னார். அது வேலை செய்தது. ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அதுதான்.

இந்த இயக்கத்தின் உயிர்மூச்சு ஒரே ஒரு கொள்கை: யோசிப்பவரும் ஊதுபவரும் ஒரே ஆள். படைப்பு யாருடையது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. சிஹூலி இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர். அவர் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டின் கூர்மை புரிய வேண்டுமானால் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## டகோமாவிலிருந்து முரானோவுக்கு

சிஹூலி பிறந்தது 1941-இல், வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில். 1957-இல் அண்ணன் ஜார்ஜ் கடற்படை விமானப் பயிற்சி விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். குடும்பத்தைத் தாங்கியவர் அம்மா. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்அலங்காரம் படித்தபோது நெசவில் கண்ணாடித் துண்டுகளைக் கோத்துப் பார்த்தார். 1965-இல் வீட்டின் அடித்தளத்தில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை உருக்கி, ஓர் இரும்புக் குழாயால் ஊதினார். குமிழ் வந்தது. அதன்பின் வேறு வேலை எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

லிட்டில்டனிடம் சேர்ந்து 1967-இல் முதுகலைப் பட்டம். அதற்கடுத்த ஆண்டு ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் இன்னொரு பட்டம். அதே 1968-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் முரானோவின் வெனினி தொழிற்சாலைக்குப் போனார். கண்ணாடி என்றால் தனி மனிதனின் கலை என்று படித்துவிட்டுப் போன இளைஞர், அங்கே ஒரு மாஸ்டரைச் சுற்றி ஐந்தாறு பேர் ஒரே உடம்பாக இயங்குவதைப் பார்த்தார். என் கணிப்பில், அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தது அந்த முரானோ நாட்கள்தான். மற்ற எல்லாம் அதற்குப் பின்தான்.

திரும்பி வந்ததும் ரோட் ஐலண்டில் கண்ணாடித் துறையை உருவாக்கி, பத்தாண்டுகளுக்கு மேல் கற்பித்தார். 1971-இல் ஜான் ஹாபெர்க், ஆன் கூல்ட் ஹாபெர்க் தம்பதியரின் ஆதரவோடு, சியாட்டிலுக்கு வடக்கே அவர்களுடைய மரப் பண்ணையில் பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் கோடையில் கூரைகூடச் சரியாகக் கிடையாது. மழையில் கூடாரம் போட்டுத் தங்கி மாணவர்களே உலை கட்டினார்கள். உலகம் முழுவதிலுமிருந்து கண்ணாடிக் கலைஞர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். முரானோவின் மாபெரும் ஊதுகலைஞர் லீனோ தாலியாபியேத்ரா 1979-இல் அங்கே கற்பிக்க வந்தார். தீவுக்குள் பொத்தி வைத்திருந்த நுட்பங்களை அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று அவருடைய ஊரிலேயே அதிருப்தி இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் அவர் சொல்லிக்கொடுத்தார். இன்றைய அமெரிக்கக் கண்ணாடிக் கலையின் கைத்திறன் பெரிதும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

## விபத்துக்கு முன்பே வந்துவிட்ட மற்றவர் கைகள்

விபத்தில் கண் போனது, அதனால் ஊதுவதை விட்டார், அதன்பிறகு ஆள் வைத்துச் செய்தார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நடந்தது இவ்வளவு நேர்க்கோடாக இல்லை.

1975 வாக்கில் அவர் செய்த 'நவஹோ போர்வை உருளைகள்' வரிசையைப் பாருங்கள். அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் போர்வைக் கோலங்களை மெல்லிய கண்ணாடி இழைகளால் ஒரு தட்டையான இரும்பு மேசையில் அடுக்கி வைப்பார்கள். உலையிலிருந்து வந்த சூடான கண்ணாடி உருளையை அதன்மேல் உருட்டும்போது கோலம் அப்படியே மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இந்த இழைக் கோலங்களைச் செய்தவர்கள் கேட் எலியட்டும் ஃபுளோரா மேஸும். 1976-இல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் ஹென்றி கெல்ட்சாலர் இந்த வரிசையில் மூன்று உருளைகளை வாங்கினார். சிஹூலியின் பெயரை நிலைநிறுத்திய கொள்முதல் அது. அதாவது, அவரைப் பெரிய கலைஞராக்கிய படைப்பிலேயே வேறு கைகளின் வேலை வெளிப்படையாக இருந்தது.

அதே 1976-இல் இங்கிலாந்தில் கார் விபத்து. முன் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே விழுந்தார். முகத்தில் 256 தையல்கள், இடது கண்ணில் பார்வை போய்விட்டது. ஒற்றைக் கண்ணில் தூரத்தைக் கணிப்பது கடினம். சூடான கண்ணாடியும் மற்றவர்களும் சுற்றி நகரும் இடத்தில் அது ஆபத்து. அப்படியும் மூன்று ஆண்டுகள் ஊதினார். 1979-இல் கடலலையில் விளையாடும்போது தோள்பட்டை நழுவியது. குழலைப் பிடிக்க முடியாமல் போனதும் கேஃபர் இடத்தை வில்லியம் மோரிஸ் என்ற இளைஞரிடம் கொடுத்தார். மோரிஸ் பின்னாளில் சொந்தமாகவே பெரிய கண்ணாடிச் சிற்பியானார்.

தோள் குணமான பிறகும் சிஹூலி பெஞ்சுக்குத் திரும்பவில்லை. இதுதான் முக்கியமான இடம். விலகி நின்று பார்த்தபோது வேலை முழுவதும் கண்ணில் பட்டதாகவும், அந்தப் பார்வை தனக்குப் பிடித்துப்போனதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பெஞ்சில் இருப்பவருக்கு அடுத்த சில நொடிகள்தான் கண்ணில் இருக்கும். நின்று பார்ப்பவரால் ஐந்து பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும், நடுவில் கைநீட்டித் திசையை மாற்றச் சொல்ல முடியும், ஆட்கள் களைத்துப்போகும் வரை புதுப்புது வடிவங்களைக் கேட்டுக்கொண்டே இருக்க முடியும்.

## ஊதாமல் எப்படிச் செய்கிறார்?

முதல் கருவி ஓவியம். தனக்கு வேண்டியதைக் குழுவுக்குச் சொல்வதற்காகக் கரிக்கோலில் கிறுக்கத் தொடங்கியவர், பிறகு தரையில் பெரிய தாள்களை விரித்து அக்ரிலிக் வண்ணங்களைப் பாட்டிலிலிருந்து நேராகப் பீச்சி வரையும் அளவுக்குப் போய்விட்டார். இவை அளவெடுத்த வரைபடங்கள் அல்ல. எவ்வளவு உயரம், எத்தனை வளைவு என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேகமும் நிறமும் திசையும்தான் இருக்கும். மற்றதைக் கேஃபர் தன் அனுபவத்தால் நிரப்புகிறார்.

இரண்டாவது, கண்ணாடியைத் தானாக விழ விடுவது. 1977-இல் டகோமாவில் உள்ள மாநில வரலாற்றுச் சங்கத்தில் பழங்குடியினரின் பழைய கூடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். கனம் தாங்காமல் அவை அமுங்கிக் கோணலாகியிருந்தன. அந்தக் கோணல் அவரைப் பிடித்துக்கொண்டது. அதுவரை நல்ல கண்ணாடி ஊதுபவர் என்றால் அச்சுப்பிசகாத வட்டம் வர வேண்டும். 'கூடைகள்' வரிசையில் சிஹூலி அதைத் தலைகீழாக்கினார். சுவரை மிக மெல்லிசாக ஊதி, உருகும் நிலைக்குச் சூடேற்றி, வெப்பமும் ஈர்ப்பும் சுழற்சியுமே வளைத்து முடிக்கட்டும் என்று விட்டார். பார்க்க எளிதாகத் தோன்றும் இந்தக் கோணல் வருவதற்கு, எந்த நொடியில் கை எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

1980-இல் 'கடல் வடிவங்கள்'. மெல்லிய கண்ணாடியை வரிப்பள்ளமுள்ள அச்சுக்குள் ஊதும்போது அந்த வரிகளே சுவருக்குப் பலம் தருகின்றன. கிளிஞ்சல் ஓடு மெல்லிசாக இருந்தும் உடையாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான். 1981-இல் 'மாக்கியா'. பட்டறையில் இருந்த 300 நிறங்களையும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது. உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் வேறு நிறம். ஊடுருவிப் பார்த்தால் இரண்டும் கலந்து சேறாகத் தெரியும். அதைத் தடுக்க நடுவில் வெண்ணிறக் கண்ணாடித் துகளால் ஒரு மேகப்படலம் வைத்தார்கள். சின்னத் தந்திரம்தான், ஆனால் முழு வரிசையும் அதன் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது, திறமைக்கேற்ற ஆளைத் தேடுவது. 1988-இல் 'வெனீஷியர்கள்' வரிசைக்கு தாலியாபியேத்ராவையே கேஃபராக உட்கார வைத்தார். அந்த வரிசையின் துள்ளலான கைப்பிடிகளையும் சுருள்களையும் பார்க்கும்போது, அதில் எத்தனை பங்கு கேட்டவருடையது, எத்தனை பங்கு கொடுத்தவருடையது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்கவே வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது. 1991-இல் தொடங்கிய 'நீஜிமா மிதவைகள்' உருண்டைகளில் சில ஒரு மீட்டர் விட்டம் வரை போகும். அதைத் தனி ஒருவர் எவ்வளவு திறமைசாலியானாலும் ஊத முடியாது.

அப்புறம் வந்தவை பிரம்மாண்டமான அமைப்புகள். இங்கே ஊதும் ஒவ்வொரு துண்டும் கட்டடத்தில் ஒரு செங்கல் மாதிரிதான். இரும்புச் சட்டகத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கம்பியால் கட்டிக் கட்டிச் சிற்பம் எழும்புகிறது. 1995-96-இல் பின்லாந்து, அயர்லாந்து, மெக்சிகோ நாடுகளின் கண்ணாடி ஆலைகளில் அந்தந்த ஊர்த் தொழிலாளர்களோடு சேர்ந்து செய்த சரவிளக்கு வடிவங்களை வெனிஸ் கால்வாய்களுக்கு மேல் தொங்கவிட்டார். பின்லாந்தின் நூட்டயார்வி கிராமத்தில், கண்ணாடித் துண்டுகளைப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசிப் பார்த்தார். அவை மிதந்தன. ஊர்ப் பையன்கள் படகில் போய் அவற்றைப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். படகு நிறையக் கண்ணாடி இருந்த அந்தக் காட்சியே பிறகு 'படகுகள்' என்ற வரிசையாகிவிட்டது. யார் ஊதினார்கள் என்ற கேள்வி இந்தப் படைப்பில் எங்கே பொருந்தும்? கண்ணாடி பின்லாந்துக்காரர்கள் ஊதியது, ஏற்றியது பையன்கள், அது ஒரு சிற்பம் என்று கண்டுகொண்டது சிஹூலி.

1998-இல் லாஸ் வேகாஸ் பெல்லாஜியோ ஹோட்டலின் கூரையில் 2,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பூக்கள், ஏறத்தாழ 18 டன் கண்ணாடி. 2000-இல் ஜெருசலேமின் தாவீது கோபுர அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியைப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். 2012-இல் சியாட்டிலில் அவருக்கென்றே ஒரு காட்சியகமும் தோட்டமும் திறக்கப்பட்டன. இந்த அளவை எட்டிய பிறகு விமர்சனமும் கடுமையானது: அலங்காரம் கூடிவிட்டது, தொழிற்சாலை உற்பத்திபோல வருகிறது என்று. ஹோட்டல் கூரைகளைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஒரே இலை வடிவம் ஆயிரம் தடவை வரும்போது, கூடைகளில் இருந்த அந்த ஆபத்தான மெல்லிசு காணாமல் போய்விடுகிறது.

## சட்டம் என்ன சொல்கிறது?

2006-இல், தன்னிடம் நீண்டகாலம் வேலை செய்த ஒரு கண்ணாடி ஊதுநர் மீதும் ஒரு வணிகர் மீதும் சிஹூலி தொடுத்த காப்புரிமை (காப்பிரைட்) வழக்கு அமெரிக்காவில் பெரிய செய்தியானது. தன் வடிவங்களை நகலெடுக்கிறார்கள் என்பது அவர் தரப்பு. கடலிலும் தோட்டத்திலும் உள்ள வடிவங்களை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா என்பது எதிர்த்தரப்பு. வழக்கு சமரசத்தில் முடிந்ததால் தீர்ப்பு வரவில்லை. ஆனால் சுற்றியிருக்கும் மற்ற தீர்ப்புகளை வரிசையாக வைத்தால் சட்டம் எங்கே நிற்கிறது என்பது ஓரளவு தெளிவாகிறது.

1. கருத்துக்கு உரிமை இல்லை, வெளிப்பாட்டுக்குத்தான் உண்டு. 2003-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த சடாவா எதிர் லவ்ரி வழக்கு கண்ணாடிக் கலைஞர்கள் எல்லோருக்கும் பாடம். தெளிந்த கண்ணாடிக்குள் வண்ண ஜெல்லிமீன் மிதப்பதுபோலச் செய்தவர் ரிச்சர்ட் சடாவா. அதேபோல இன்னொருவர் செய்ததும் வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றம் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஜெல்லிமீன் இயற்கையின் பொருள், தெளிந்த கண்ணாடிக்குள் பதிப்பது பழைய நுட்பம், இரண்டையும் யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. ஏறத்தாழ அச்சு அசலாக நகலெடுத்தால் மட்டுமே தடுக்கலாம் என்றது நீதிமன்றம். இந்த அளவுகோலில் பார்த்தால் கோணல் கிண்ணமும் கிளிஞ்சல் வடிவமும் பொதுச் சொத்துதான்.

2. சம்பளத்துக்கு வேலை செய்தவரா, ஒப்பந்தத்துக்குச் செய்தவரா என்பது உரிமையையே மாற்றிவிடும். ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்ததற்குச் சட்டப்படி ஆசிரியர் முதலாளியே. 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் ஒரு சிற்ப வழக்குதான். வீடற்றவர்களுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியிடம் ஒரு சிலை செய்யச் சொன்னது. யோசனை தங்களுடையது, ஆகவே உரிமையும் தங்களுடையது என்றது. சிற்பி தன் சொந்தப் பட்டறையில், சொந்தக் கருவிகளால், கொஞ்ச காலத்துக்கு மட்டும் வேலை செய்தவர். அவரை ஊழியர் என்று கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். சிஹூலியின் பட்டறையிலோ உலை, கருவி, நேரம் எல்லாம் நிறுவனத்தினுடையது. அங்கே சம்பளத்துக்கு ஊதும் கேஃபருக்கு அதனால் உரிமை கிடைப்பது கடினம்.

3. உதவியவர் எல்லாம் கூட்டாசிரியர் ஆகிவிட மாட்டார். 2017-இல் ஒருவர், தானும் சேர்ந்துதான் சிஹூலியின் ஓவியங்களைச் செய்ததாக வழக்குத் தொடுத்தார். கூட்டாசிரியர் ஆக வேண்டுமானால் படைப்பின் மேல் கட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும், இருவருக்கும் அந்த எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்ட அளவுகோல். 2019-இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் சிஹூலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சரி, இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு விசித்திரமான நிலைமை தெரிகிறது. பட்டறைக்குள் இருக்கும்வரை கேஃபருக்குச் சட்டத்தில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. வாசலைத் தாண்டிவிட்டாலோ அவர் கையில் இருக்கும் திறமையை யாராலும் தடுக்க முடியாது. உரிமை யாருக்கு என்பதற்குத்தான் சட்டம் பதில் சொல்கிறது. யார் செய்தது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. அது அதன் வேலையும் இல்லை.

## பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது?

சிஹூலி தன்னைத் திரைப்பட இயக்குநரோடும் நடன அமைப்பாளரோடும் ஒப்பிட்டுக்கொண்டவர். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கிறேன். தாலியாபியேத்ராவுக்கு முன்னால் நின்று, அவர் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லி, வந்ததில் எது வேண்டும் எது வேண்டாம் என்று தீர்மானிப்பது படைப்பு வேலைதான். ஊதுகுழலைப் பிடித்தவரே சிற்பி என்று வைத்துக்கொண்டால், முரானோவின் பாதி வரலாற்றை அழிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த ஒப்பீட்டை ஏற்றால் அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டும். திரைப்படத்தில் இயக்குநர் பெயர் பெரிதாக வரும். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களும் கட்டாயம் வரும். அருங்காட்சியகச் சுவரிலோ பெரும்பாலும் ஒரே பெயர், ஓர் ஆண்டு, 'ஊதிய கண்ணாடி, இரும்பு' என்ற ஒரு வரி. சிஹூலியைப் பற்றிய நூல்களிலும் படங்களிலும் குழுவினர் பெயரோடும் முகத்தோடும் இருக்கிறார்கள். அவர் யாரையும் மறைத்து வைத்தவர் இல்லை. அதே தகவல் படைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பலகைக்கும் வர வேண்டும். ஃபுளோரா மேஸ் இழைகளை அடுக்கினார், வில்லியம் மோரிஸ் ஊதினார் என்று எழுதுவதால் சிஹூலி சிறுத்துப்போக மாட்டார். பார்ப்பவருக்குத்தான் கண் திறக்கும்.

இதில் அடுத்து வரப்போகும் சிக்கலும் ஒன்று இருக்கிறது. தனி மனிதரின் படைப்பு என்றால் அமெரிக்காவில் காப்புரிமை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஊழியர்கள் வழியாக நிறுவனம் செய்தது என்றால் கணக்கே வேறு: வெளியிட்டதிலிருந்து 95 ஆண்டு அல்லது உருவாக்கியதிலிருந்து 120 ஆண்டு, இதில் எது முதலில் முடிகிறதோ அது. படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காட்சிக் கலைஞர்களுக்குத் தருகிறது. ஊழியர்கள் சம்பளத்துக்குச் செய்த படைப்புகளுக்கு அது பொருந்தாது. ஒரே சரவிளக்கை எந்தப் பெயரில் பதிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பாதுகாப்பு மாறுகிறது.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட அமைப்பில் என்றாவது ஒரு சில துண்டுகள் உடையத்தான் செய்யும். கல் சிற்பத்தின் மூக்கு உடைந்தால் அதை வேறொருவர் செதுக்கி ஒட்டுவதை அருங்காட்சியகங்கள் தயங்கித் தயங்கித்தான் செய்யும். இங்கே முதல் துண்டையும் சிஹூலி ஊதவில்லை, மாற்றுத் துண்டையும் அவர் ஊதப்போவதில்லை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நுழைவாயில் குவிமாடத்தில் தொங்கும் அந்த நீல-பச்சைச் சுருள்கள் முதலில் 1999-இல் வந்தன. 2001-இல் அதே அமைப்பைப் பெரிதாக்கினார்கள். அவர் இருக்கும்போது செய்யப்பட்ட அந்த மாற்றத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அதே உலையில், அதே ஆட்கள், அவருக்குப் பின் ஊதும் ஒரு சுருளைப் பற்றி, அருங்காட்சியகங்கள் இப்போதே அவருடைய நிறுவனத்தோடு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.